ஒரே பக்கம் சாய்ந்த தப்பு

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் ஊற்றும் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். தக்காளிக்காரரிடம், முதலில் வெறும் தராசைத் தூக்கிக் காட்டுங்கள் என்பேன். பஸ் இப்போது கிளம்பிவிடும் என்று கண்டக்டர் சொன்னால், டிரைவர் டீக்கடையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். கணக்கு டீச்சர் வேலை கிடைத்ததால் ஊர் தப்பித்தது, போலீஸில் சேர்ந்திருந்தால் பாதிப் பேரை உள்ளே வைத்திருப்பாய் என்று என் கணவர் சொல்லுவார். அவர் சொல்வதையும் நான் முழுசாக நம்புவதில்லை.

என் பள்ளிக்கூடம் பென்னாகரத்தைத் தாண்டி, காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. எட்டாவது வரைக்கும் உண்டு. தர்மபுரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறேன். ஊரில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் நிலம், மீதிப் பேருக்கு ஆடு. பல வீடுகளில் உள்ளே கன்னடம் பேசுவார்கள், வாசலுக்கு வந்தால் தமிழ். எனக்குக் கன்னடம் அரைகுறையாகத்தான் புரியும். அதனாலேயே அவர்கள் உள்ளே பேசும்போது என் காது தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

ஒரு வருஷம் எங்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு உத்தேசமாக மதிப்பிடச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாகச் சுமாராகச் சொன்ன விடைக்கெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவள் நான். கணக்கில் ஏது உத்தேசம்? பயிற்சி கொடுத்தவர் ஓர் இளம்பெண். அவர் போர்டில் நாற்பத்தெட்டை இருபத்தொன்றால் பெருக்கி, பத்தாயிரத்து எட்டு என்று விடை எழுதினார். "இதை எழுதுற பிள்ளைக்குப் பெருக்கத் தெரியும் டீச்சர். நடுவுல ஒரு சைபர் கூடப் போயிருச்சு, அவ்வளவுதான். ஆனா ஐம்பதை இருபதால பெருக்கினாலே ஆயிரம்தானே, பத்தாயிரம் எங்கேருந்து வந்துச்சுன்னு அதுக்குச் சந்தேகம் வரல பாருங்க" என்றார்.

சந்தேகம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்த விடையைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுப்பது என்றால் இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள்?

பழைய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அது நிறையப் புளியங்கொட்டை போட்டேன். எங்கள் பக்கத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. போடுவதற்கு முன்னால் எண்ணினேன். என் எண்ணிக்கையிலேயே எனக்குச் சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். பாட்டிலை ஏழாம் வகுப்பு மேஜையில் வைத்து, மத்தியானம் வந்து கேட்பேன், தொடாமல் பார்த்து எத்தனை இருக்கும் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதித் தாருங்கள் என்றேன்.

சீட்டுகளைப் பிரித்தால் வகுப்பே மேதைகளாக இருந்தது. ஏறக்குறைய எல்லோருடைய எண்ணும் சரியான எண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஆனால் ஒருவர்கூடச் சரியான எண்ணை எழுதவில்லை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், மூடி நான் திருகியதைவிட இறுக்கமாக இருந்தது. குனிந்தால் கடைசி பெஞ்சுக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை கிடந்தது. சாப்பாட்டு இடைவேளையில் தரையில் கொட்டி எண்ணியிருக்கிறார்கள். அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று ஒருத்தி கொஞ்சம் கூட்டி, ஒருத்தன் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு சீட்டில் மட்டும் எண் மிகக் குறைவாக இருந்தது. அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோபம் வந்தது, உள்ளுக்குள் ரசிக்கவும் செய்தேன். இதில் தப்பு என்று ஒன்றும் கிடையாது, தள்ளிப் போனால் போகட்டும், யாரும் திட்டமாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னேன். ஒரு முகமும் நம்பவில்லை. கணக்கு டீச்சர் வாயிலிருந்து தப்பே கிடையாது என்று வந்தால் நான் மட்டும் நம்பியிருப்பேனா?

அதற்குப் பிறகு பாட்டிலைப் பீரோவில் பூட்டி, வகுப்புக்கு மட்டும் வெளியே எடுத்தேன். ஒரு கைப்பிடியில் எத்தனை கொட்டை வருகிறது, பாட்டிலுக்கு எத்தனை கைப்பிடி போகும் என்று பார்க்கப் பழக்கினேன். பாட்டில் சலித்ததும் ஜன்னல் வழியாகத் தெரிந்த வேப்பங்கிளையின் இலை, எதிர்வீட்டுக் கூரையின் ஓடு என்று நகர்ந்தோம். போர்டின் நடுவில் ஒரு கோடு போட்டு, அதுதான் நிஜம் என்பேன். கூட்டிச் சொன்னவர்களுக்கு வலப்பக்கம் புள்ளி, குறைத்துச் சொன்னவர்களுக்கு இடப்பக்கம். வாரம் போகப் போகப் புள்ளிகள் கோட்டை நெருங்கி வந்தன. இன்று வலப்பக்கம் இருந்தவன் நாளை இடப்பக்கம் போவான். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது.

ஒருத்தியின் புள்ளி மட்டும் நகரவே இல்லை. சுவரோரம் உட்காரும் பெண். அப்பாவும் அம்மாவும் வெள்ளாடு வளர்க்கிறவர்கள். பெருக்கல், வகுத்தல் எல்லாம் வகுப்பில் முதலில் முடிப்பவள் அவள்தான். ஆனால் புளியங்கொட்டையானாலும் ஓடானாலும் அவள் சொல்வது கிட்டத்தட்டப் பாதி. ஒவ்வொரு தடவையும் பாதி. முதல்நாள் தனியாக நின்ற அந்தச் சீட்டும் அவளுடையதுதான் என்று பிறகு கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்தேன்.

எனக்குத் தூக்கம் கெட்டது. தெரியாமல் வருகிற தப்பு ஒருநாள் மேலே போகும், ஒருநாள் கீழே போகும். இது ஒரே பக்கம் சாய்ந்த தப்பு, அதுவும் ஒரே அளவில். நிஜமான எண் தெரியாமல் யாராலும் இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் சொல்ல முடியாது. இரண்டு பாட்டிலை வைத்து எதில் அதிகம் என்று அவளை மட்டும் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம்தான் வித்தியாசம், எனக்கே சட்டென்று சொல்ல வராது. பார்த்த உடனே சரியாகக் கைகாட்டினாள். அப்படியானால் கண்ணில் கோளாறு இல்லை. என்னைக் கேலி செய்கிறாளோ?

தனியாகக் கூப்பிட்டு, ஏன் எப்போதும் குறைத்தே சொல்கிறாய் என்று கேட்டேன்.

"அவ்ளோதானுங்க டீச்சர் தெரிஞ்சுது" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

அடுத்து பயிற்சியில் சொன்னபடி வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலிருக்கிற எதையாவது பார்த்து முதலில் உத்தேசமாக ஓர் எண் சொல்லுங்கள், பிறகு எண்ணிப் பாருங்கள், நாளைக்கு வந்து இரண்டையும் சொல்லுங்கள் என்றேன். தேங்காய், அடுக்கிய விறகு, கோழி, ஆடு எதுவானாலும் சரி. மறுநாள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லப் போர்டில் எழுதினேன். பெரும்பாலும் ஆட்டைத்தான் சொன்னார்கள். ஒரு வீட்டில் ஐந்து, இன்னொரு வீட்டில் எட்டு. சுவரோரப் பெண், உத்தேசமும் இருபது, எண்ணியதும் இருபது என்றாள். போர்டில் அதுதான் பெரிய எண்.

சாயங்காலம் நான் போகிற பஸ்ஸை இந்த ஊர் ஆடுகள்தான் தினமும் மறிக்கின்றன. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைக்கிற அளவுக்கு மறிக்கின்றன. போர்டிலிருக்கிற ஆட்டையெல்லாம் சேர்த்தாலும் அந்த பஸ்ஸுக்கு முன்னால் பத்து அடி ரோடு நிறையாது. அப்படியானால் பஸ்ஸை மறிப்பது யார் வீட்டு ஆடு என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சுவரோரப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. எனக்கு அது அப்போது குற்றம் செய்தவளின் பயமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவளுடைய அப்பா பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை.

"ஏனுங்க டீச்சர், எங்க வூட்டு ஆட்ட போர்டுல எழுதிப் போட்டிருக்கீங்களாமா?" என்றார்.

கணக்குப் பாடத்துக்காக என்றேன்.

"கணக்குக்கு புஸ்தகத்துல ஆடு இல்லீங்களா?"

அவர் குரலை உயர்த்தாமலே பேசினார். போன மாசம் ஓட்டர் லிஸ்ட் என்று சொல்லி வீடு வீடாகத் தலையை எண்ணியது நான்தான். இந்த மாசம் ஆட்டை எண்ணுகிறேனாம். காட்டுக்குள் மேய்க்க இனிமேல் இத்தனை ஆடுதான் என்று ஃபாரெஸ்ட் ஆபீஸிலிருந்து கணக்கு வரப்போவதாக ஊரில் பேச்சிருக்கிறது. அந்தக் கணக்கு பிள்ளைகள் வாயிலிருந்து பள்ளிக்கூடம் வழியாகத்தான் போகிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் நேராக வகுப்புக்குப் போய்ப் போர்டை ஈரத் துணியால் துடைத்தேன்.

அன்றைக்கு அந்தப் பெண் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்கச் சுவரோர இடம் காலியாகவே இருந்தது.

ஏழாவது படிக்கிற பெண்பிள்ளை சொல்லாமல் நின்றுபோனால், எங்கள் மாவட்டத்து டீச்சருக்கு முதலில் வருகிற நினைப்பு ஒன்றுதான். கல்யாணம். வகுப்பில் விசாரித்தேன். ஒருத்தி காய்ச்சல் என்றாள், ஒருத்தன் சித்தேரியில் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான், இன்னொருத்தி ஆடு மேய்க்கிறாள் என்றாள். ஆளுக்கொன்றாகச் சொன்னதும் என் சந்தேகம் கெட்டியாகிவிட்டது. ஆட்டுக் கணக்கு வெறும் சாக்கு, அப்பன்காரன் மாப்பிள்ளை பார்த்துவிட்டான் என்று முடிவே கட்டினேன்.

தலைமையாசிரியை, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லிவிடலாமா என்று கேட்டார். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கல்யாணம் என்றால் உடனே சொல்லியாக வேண்டும். வெறும் ஆட்டுக் கோபமாக இருந்து, வாசலில் ஜீப் போய் நின்றுவிட்டால் அந்த வீட்டுக் கதவு பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் திறக்காது. ஏழாவதில் நின்ற பெண் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அவளை எப்படியாவது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதில் எனக்குத் தவிப்பாகவே இருந்தது. என்னை ஏமாற்றியவள் என்ற எரிச்சலும் கூடவே இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ஊர்க்கோடியில் காட்டைப் பார்த்த ஓட்டு வீடு, பக்கத்தில் முள்வேலி போட்ட ஆட்டுப் பட்டி. அம்மாக்காரி தண்ணீர் கொடுத்தாள். வாசலில் கயிற்றுக் கட்டில் கிடந்தது. நான் உட்காரப் போன நேரத்தில் அவளுடைய அப்பா, இருங்க டீச்சர் என்று சொல்லிக் கட்டிலைத் தூக்கித் திருப்பிப் போட்டார். அப்போது பட்டி என் முதுகுப் பக்கம் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் திருப்பினார்.

நானும் சும்மா உட்காரவில்லை. பந்தல்கால் நட்ட குழி இருக்கிறதா, சுவருக்குப் புது வெள்ளை அடித்திருக்கிறதா என்று கண்ணாலேயே சோதித்தேன். உள்ளே பளபளவென்று ஒரு புதுக் குடம் தெரிந்தது. சரி, சீர் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பாப்பாவுக்குக் கல்யாணம் ஏதாவது பேசறீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

அம்மாக்காரியின் முகம் சுருங்கிப்போனது. என்னைப் பார்க்காமல் குடத்தைப் பார்த்தாள், நான் எதைப் பார்த்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அது மகளிர் குழு ஆண்டுவிழாக் குலுக்கலில் விழுந்தது என்றாள்.

"அவ படிக்கற புள்ளைங்க. எங்களுக்குத்தான் படிப்பில்ல. அதுக்காக அப்படி நெனப்பீங்களா?" என்றாள்.

"நீங்க எங்கள நம்பல, நாங்க உங்கள நம்பல. சரியாப் போச்சுங்க" என்றார் அவர்.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டது கேட்டதுதான். கேட்காமல் விட்டுப் பிறகு கேள்விப்படுவதைவிட இது மேல் என்று இன்றைக்கும் சொல்வேன். அப்படியானால் ஏன் அனுப்பவில்லை என்றேன். அம்மாக்காரிதான் விளக்கினாள். ஆட்டு எண்ணிக்கையை வெளியாளிடம் முழுசாகச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஒன்று கண் படும், இன்னொன்று கேட்கிற ஆள் எதற்குக் கேட்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

"பேச்சு வந்த நாள்லேர்ந்து சொல்லித்தான் வளத்தோம். யாரு எவ்ளோன்னு கேட்டாலும் பாதி சொல்லுன்னு. அது எல்லாத்துக்கும் பாதி சொல்லுது டீச்சர், கடையில வெங்காயம் எவ்ளோ வாங்குனேன்னு கேட்டாக்கூட. நீங்க நாள் தவறாம எவ்ளோ எவ்ளோன்னு கேக்கறீங்களாமா. என்னிக்காவது முழுசா வாயில வந்துரும்னு அவளுக்கே பயமா இருக்குதுங்க. இவரும் கொஞ்ச நாளைக்குப் போக வேண்டாம்னுட்டாரு."

பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்குச் சரியான எண் தோன்றியிருக்கிறது. வாய்க்கு வருவதற்குள் அது பாதியாகியிருக்கிறது. கேலியும் இல்லை, திருட்டும் இல்லை. வகுப்பிலேயே நன்றாக மதிப்பிடத் தெரிந்த பெண்ணைத்தான் நான் இத்தனை வாரமாகக் கோட்டுக்கு இடப்பக்கம் நிறுத்தியிருந்தேன்.

அந்த நேரம் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. மந்தை திரும்பிவிட்டது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் கட்டிலைத் திருப்பிப் போட்ட அவசரத்தில் அவர் அதை ஆடு வருகிற வழியிலேயே போட்டிருந்தார். இரண்டு பக்கமும் முழங்காலை உரசிக்கொண்டு ஆடுகள் போயின. அப்புறம் எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போய் என் கண் முன்னாலேயே குடித்துவிட்டு, மறுபடி என்னைச் சுற்றிக்கொண்டு பட்டிக்குள் நுழைந்தன. கடைசியில் குச்சியோடு அவள் வந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

நான் எண்ணவில்லை, சத்தியமாக எண்ணவில்லை. ஆனால் தொட்டியில் ஒரே சமயத்தில் வாய் வைத்தது ஒரு பத்து இருக்கும், அந்த மாதிரி எத்தனை கூட்டம் வந்து போனது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. நாற்பதுக்கு மேலே ஓர் எண் வந்து நின்றது. அவளுடைய அப்பா ஆட்டைப் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டீச்சர். உத்தேசமா எவ்ளோ இருக்குமுங்க?" என்றார்.

அவள் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். தெரியவில்லை என்றால் அவர் நம்பமாட்டார், கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? தெரிந்ததைச் சொன்னால் இவள் இனிமேல் காட்டுக்குத்தான் போவாள்.

"பாப்பா சொன்னதுதாங்க. ஒரு இருபது இருக்கும்" என்றேன்.

அவர் பட்டிப் படலை இழுத்துக் கட்டினார். முடிச்சைப் போட்டுவிட்டு, மறுபடி அவிழ்த்து இறுக்கிப் போட்டார். திங்கட்கிழமை வருவாள் என்று படலிடம் சொல்வதுபோலச் சொன்னார். அம்மாக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சுவரோர இடத்தில் அவள் இருந்தாள். நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அன்றைக்குப் பாட்டிலில் சத்துணவுக் கூடத்துக் கொண்டைக்கடலையைப் போட்டிருந்தேன். வேண்டுமென்றே எண்ணாமல் போட்டேன். எண்ணிவிட்டு வந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் உண்டு. எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். நாளைக் காலை எல்லோருமாகச் சேர்ந்து கொட்டி எண்ணலாம் என்றேன்.

அவள் சீட்டைப் பிரித்தேன். பாட்டிலை ஒருதரம் பார்த்தேன். பாதிதான். மறுபடியும் பாதிதான். ஆட்டைப் பற்றி அவள் அப்பாவிடம் அப்படிச் சொன்ன பிறகும் இப்படியா என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. என்னை நம்ப அவள் வீட்டில் யாருக்கும் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் வகுப்பு காலியானது. அவள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று வெளியே இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு என் மேஜைக்கு வந்து, எம்பி நின்று, காதுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைச் சொன்னாள். சீட்டில் எழுதியதைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலே. எனக்குக் கேட்டதா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் சொன்னாள்.

"இது உங்களுக்கு மட்டுந்தானுங்க டீச்சர்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பாட்டில் எதிரே இருந்தது, கை தன்னால் மூடிக்குப் போனது. மேஜையில் கொட்டினால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் மூடியை இறுக்கி, பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாளைக்கு வகுப்பு எண்ணிக்கொள்ளட்டும். எனக்கு எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.